மேடு இல்லாத செயின்

என் தங்கச்சி மகள் அந்த டின்னைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. கிழமை ஏன் ஞாபகம் இருக்கிறது என்றால், மலைமேல் கியா பார்மில் அவள் கடைக்குச் செவ்வாய்தான் லீவு. சனி ஞாயிறு முழுக்கக் கீழேயிருந்து காரில் வருகிற ஜனங்களுக்கு ஸ்ட்ராபெரியும் அவித்த சோளமும் விற்று, திங்களன்று தூங்கி எழுந்து, செவ்வாயில்தான் அவள் சொந்தக்காரர் முகத்தைப் பார்ப்பாள்.

பழைய பிஸ்கட் டின். சதுரம். மூடியில் குதிரைவண்டிப் படம் இருந்தது. குதிரையைத் துரு தின்றுவிட்டது, வண்டி மட்டும் மிச்சம். தூக்கிப் பார்த்தேன், கனத்தது. உள்ளே ஏதோ நகர்ந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். நாய்ச் சங்கிலிக்கு ஒரு சத்தம், லோரியில் கட்டையை இழுத்துக் கட்டுகிற சங்கிலிக்கு ஒரு சத்தம். மரம் அறுக்கும் மெஷினின் செயின் மட்டும் நண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதுபோல நகரும்.

"மாமா, இது என்னா செயின்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

"எங்க இருந்துச்சு?"

"அப்பா கட்டிலுக்கு அடியில. வீடு மாத்துறோம்ல, எல்லாத்தையும் இழுத்துப் போட்டுக் கூட்டுனேன். குப்பையில போடப் போனா அப்பா சத்தம் போடுறாரு. கை போன அன்னிக்கு மெஷின்ல இருந்த செயினாம்."

"வேற என்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. அது பாட்டுக்கு இருக்கட்டும்னாரு. நீங்கதானே செயின் ஆளு. இன்ன செயினு, இன்ன வேலைக்கு உள்ளதுன்னு சொன்னீங்கன்னா, கடைக்குப் பழைய சாமான் தேடி ஒருத்தர் வருவாரு, அவர்கிட்ட காட்டலாம்லா."

கை போனது என்று அவள் சொன்னது முழுக் கை இல்லை. வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும். அவள் அப்பா என் தங்கச்சியைக் கட்டியவர், எனக்கு மச்சான். அந்த இரண்டு விரல்களும் என்னால் போனவை. நாற்பது வருஷத்துக்கு மேலாக அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. இப்போது அதற்குச் சாட்சி பிஸ்கட் டின்னில் உட்கார்ந்து என் வீட்டுக்கே வந்துவிட்டது.

"தொறந்து பாக்கலயா மாமா?"

"கண்ணாடிய எங்க வச்சேன்னு தெரியல. நாளைக்குப் பாக்குறேன்."

கண்ணாடி என் நெற்றிமேல் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனாள்.

டின்னை அலமாரி மேலே ஏற்றி வைத்தேன். இரண்டு நாள் அது அங்கேயே இருந்தது. அந்த இரண்டு நாளும் நான் அந்தப் பக்கம் திரும்பாமல் சாப்பிட்டேன், தூங்கினேன், கொல்லையில் பீன்ஸ் கொடிக்குக் குச்சி நட்டேன்.

எங்கள் எஸ்டேட் தேயிலைத் தொழிற்சாலையில் அப்போதெல்லாம் விறகு அடுப்புத்தான். கொழுந்தைக் காயவைக்கச் சூட்டுக் காற்று வேண்டும், காற்றைச் சூடாக்க நெருப்பு வேண்டும். அந்த நெருப்பு ராத்திரி பகல் என்று பார்க்காமல் தின்னும். தேயிலை நட முடியாத செங்குத்துச் சரிவுகளில் யூகலிப்டஸ் வளர்த்திருந்தார்கள். அதை வெட்டித் துண்டுபோட இரண்டு இரண்டு பேராக ஆள் போடுவார்கள். நானும் மச்சானும் ஒரு ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் அன்றன்றைக்கு ஓர் அடுக்கு விறகு. அடுக்கு முடிந்தால் வீட்டுக்குப் போகலாம். பத்து மணிக்கே முடித்தாலும் சரி, பொழுது சாய முடித்தாலும் சரி.

ஜோடிக்குள் ஒரு வழக்கம் இருந்தது. மெஷினை இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பிடிக்கலாம், ஆனால் செயினை ஒருவன்தான் ராவ வேண்டும். ஒவ்வொருத்தன் கையும் அரத்தை ஒரு சாய்வில் பிடிக்கும். இரண்டு கை பட்ட செயின் மரத்துக்குள் நேராக இறங்காது, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். எங்கள் ஜோடியில் அரம் என் கையில். மச்சானுக்கு அதைத் தொட அனுமதி இல்லை. நான் இந்த விஷயத்தில் கொஞ்சம் முரடன். ராவி முடித்த செயினைக் கல்லிலோ மண்ணிலோ யாராவது பட விட்டால் ஒரு வாரத்துக்கு முகம் கொடுத்துப் பேச மாட்டேன். மச்சான் ஒரு தடவை மண்ணில் விட்டுவிட்டு, நான் பேசாத அந்த வாரம் முழுக்க எனக்கும் சேர்த்துப் பசியாறக் கொண்டுவந்தார். நான் சாப்பிட்டேன், பேசவில்லை.

செயினில் ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கும். இந்த இடம் தெரியாவிட்டால் என் கதை விளங்காது. பல் ஒரு தடவைக்கு எவ்வளவு மரத்தைக் கடிக்கலாம் என்று அந்த மேடுதான் தடுத்து வைக்கும். மேடு உயரமாக இருந்தால் பல் தூள் தூளாகச் சுரண்டும். மேட்டை ராவி இறக்கினால் பல் ஆழமாகக் கடிக்கும், வேலை சீக்கிரம் முடியும். ரொம்ப இறக்கினால் பல் மரத்தை விடாமல் கவ்வும். அப்போது மெஷின் துள்ளும், உதறும், பிடித்திருக்கிறவன் பாடு அவ்வளவுதான். எந்த ஜோடியும் இதை வெளியில் சொல்லாது, ஆனால் எல்லா ஜோடியும் மேட்டைக் கொஞ்சம் இறக்கித்தான் வைத்திருந்தது. மேட்டை எவ்வளவு தூரம் இறக்கலாம் என்பதில் எஸ்டேட்டிலேயே என் கைதான் கை என்று பேர்.

விரல் போனதற்கு முந்தின நாள் சாயங்காலம் மேட்டில் வழக்கத்தைவிட அரத்தால் இரண்டு இழுப்பு அதிகம் போட்டேன். காரணம் பந்து. மறுநாள் மத்தியானம் தானா ராத்தா திடலில் எங்கள் எஸ்டேட்டுக்கும் திரிங்காப் காய்கறித் தோட்டக்காரர்களுக்கும் பந்தாட்டம். நான் ஆடுகிறவன்கூட இல்லை. ஓரத்தில் நின்று திட்டுகிறவன். ஆனாலும் பதினொரு மணிக்குள் அடுக்கை முடித்தால்தான் லோரியில் இடம் கிடைக்கும்.

காலையில் மச்சான் மெஷினைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார். நான் எண்ணெயும் பெட்ரோலும் வாங்க ஸ்டோரில் நின்றேன். அன்றைக்கு ஸ்டோரில் கூட்டம். சரிவில் ஏறிவரும்போது மேலே மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. சத்தம் சரியில்லை. கடகடவென்று, ஓட்டை லோரி கல்பாதையில் போகிற மாதிரி. என் ராவு இப்படிச் சத்தம் போடாதே என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் சத்தம் நின்றது.

மச்சான் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலைத்துண்டை வலது கையில் சுற்றிப் பிடித்திருந்தார். செயின் மெஷினை விட்டுத் தெறித்து, பின்னால் பிடித்திருந்த கையை அடித்துவிட்டு எங்கேயோ போயிருந்தது. நான் குனிந்து பெரணிச் செடிகளை விலக்கி விலக்கி விரல்களைத் தேடினேன். கிடைக்கவில்லை. அதற்குள் லோரி வந்துவிட்டது.

மறுநாள் எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி கேட்டார்.

"செயின் யாரு ராவுனது?"

"நான்தாங்க ஐயா."

"மேட்ட எறக்குனியா?"

"எறக்குனேன்."

அவ்வளவுதான் விசாரணை. என்னை மெஷினிலிருந்து எடுத்துத் தேயிலைச் செடி கவாத்து வெட்டப் போட்டார்கள். மச்சானுக்கு விரல் ஆறினதும் தொழிற்சாலை வாசலில் காவல் வேலை கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் என் தங்கச்சி ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"நீ ராவுன செயினாண்ணே?"

ஆமாம் என்றேன். அதற்கப்புறம் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. என்னோடு சண்டை போடவும் இல்லை. பழையபடி சோறு போட்டாள், பழையபடி கிண்டல் செய்தாள். ஒன்று மட்டும் நின்றது. அதற்கு முன்பெல்லாம் வீட்டுக் கத்தி, அரிவாள்மணை, கொத்துக் கரண்டி எது மொக்கையானாலும் என்னிடம்தான் கொடுப்பாள். அதற்குப் பிறகு பக்கத்து லயத்து வீட்டு வரிசையில் ஒருத்தரிடம் கொடுத்தாள். அவர் கத்தியைப் பாழ் பண்ணுகிறவர். அவள் கத்தியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை துறுதுறுக்கும். கேட்க வாய் வராது.

வியாழக்கிழமை மழை பெய்தது. கொல்லைக்குப் போக முடியவில்லை, வீட்டில் வேறு வேலையும் இல்லை. அலமாரியிலிருந்து டின்னை இறக்கினேன். மூடி வரவில்லை, கரண்டிக் காம்பை விட்டு நெம்பினேன். உள்ளே செயின் பழைய எண்ணெயில் கறுத்து, சுருண்டு கிடந்தது. ஒரு கிண்ணியில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தேன். பல் தேய்க்கும் பழைய பிரஷ்ஷால் ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்தேன். நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கிப் பார்த்தேன்.

மேட்டைக் காணோம்.

ஒரு பல்லில் இல்லை. அடுத்ததில் இல்லை. விரலால் தடவினேன், செயினை முழுச் சுற்றுச் சுற்றினேன். ஒரு பல்லுக்கு முன்னாலும் மேடு என்று ஒன்று இல்லவே இல்லை. இரண்டு இழுப்பு அதிகம் போட்டேன் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். ஒரு பந்தாட்டத்துக்காக மேடு மொத்தத்தையும் ராவி எடுத்துவிட்டேனா? அப்படிப்பட்ட செயினை மனுஷன் கையில் கொடுத்தவன் நான்தானா?

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். அப்புறம் பல்லைப் பார்த்தேன். பயத்தில் முதலில் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. எங்கள் செயினின் பல் உளிபோல முன்னுக்கு வளைந்து, மேலே தட்டையாக இருக்கும். இது அப்படி இல்லை. பல் நட்டுக்கு நேராக நின்றது. ஒன்று இடது பக்கம் சாய்ந்திருந்தது, அடுத்தது வலது பக்கம். அப்புறம் நடுவில் கொஞ்சம் குட்டையாக ஒன்று. மறுபடி இடது, வலது, குட்டை. நான் தேய்ந்த செயின் பார்த்திருக்கிறேன், அறுந்த செயின் பார்த்திருக்கிறேன், குரங்கு தூக்கிப்போய் மரத்தில் மாட்டின செயின்கூட ஒரு தடவை பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு செயினைப் பார்த்ததில்லை.

மழை விடவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு, டின்னைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பிரிஞ்சாங்குக்கு வேன் ஏறினேன்.

பிரிஞ்சாங்கில் சந்தைக்குப் பின்னால் ஒரு பாய் சாமான் கடை வைத்திருக்கிறார். மண்வெட்டி, மருந்தடிக்கிற பம்பு, ரப்பர்க் குழாய், உரமூட்டை எல்லாம் இருக்கும். அவர் அத்தா காலத்தில் மரம் அறுக்கும் மெஷின் பழுதுபார்த்த கடை அது. பாய்க்கும் என் வயதுதான் இருக்கும், எழுபதைத் தாண்டியவர். செயினை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"இத எந்த மியூசியத்துல திருடுனீங்க?" என்றார்.

"பாய், நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. இந்தப் பல்லுக்கு முன்னால இருந்த மேட்ட யாராச்சும் ராவி எடுத்துருக்காங்களா?"

"எந்த மேடு?"

"அதத்தான் கேக்குறேன்."

அவர் செயினை விளக்குக்கு நேராகத் தூக்கி, மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குக் குரல் கொடுத்து இரண்டு தேத்தண்ணி சொன்னார். எனக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது.

"சீனி கம்மியாவா?" என்றார்.

"எப்படியோ குடுங்க பாய். இதச் சொல்லுங்க."

"இதுக்கு மேடு கெடையாதுங்க. பொறக்கும்போதே கெடையாது."

சுவரில் மாட்டியிருந்த, மரம் அறுக்கும் பெரிய வாள் ஒன்றைக் கழற்றினார். இரண்டு முனையிலும் கைப்பிடி உள்ள வாள், அந்தக் காலத்தில் இரண்டு பேர் எதிரும் புதிருமாக உட்கார்ந்து இழுப்பது. அதன் பல்லையும் செயின் பல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இடது, வலது, நடுவில் குட்டை. அச்சாக ஒரே மாதிரி.

"மொத மொதல்ல மெஷினு வந்தப்ப, கை வாள் பல்லத்தான் அப்படியே செயின்ல வச்சான். இடமும் வலமும் உள்ளது மரத்துல ரெண்டு கோடு கீறும். நடுவுல உள்ள குட்டை, அந்த ரெண்டு கோட்டுக்கு நடுவுல உள்ளதச் சொரண்டி வெளிய தள்ளும். சாஞ்சு கெடக்குற பெரிய மரத்தக் குறுக்க அறுக்குறதுக்கு உள்ளது. பலகை அறுக்க ஆவாது. உளி மாதிரி பல்லும் மேடும் அப்பறமாத்தான் வந்துச்சு."

"அப்ப யாரும் மேட்ட எடுக்கல?"

"இல்லாதத எப்படிங்க எடுக்குறது? இங்க பாருங்க, வட்ட அரம் இதுல பட்டதே இல்ல. பட்டிருந்தா பள்ளம் விழுந்திருக்கும். இதத் தட்டை அரத்துலதான் ராவணும். அதுகூட இதுல யாரும் ராவல. புதுசா உள்ளது, சும்மா கெடந்து துருப்புடிச்சிருக்கு."

நான் வட்ட அரம் தவிர வேறு அரம் பிடித்ததே இல்லை. அப்படியானால் இது என் கை பட்ட செயின் இல்லை. பக்கத்தில் இருந்த உரமூட்டைமேல் உட்கார்ந்தேன். அது நனைந்திருந்தது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

"எங்க மெஷின்ல இத மாட்டுனா ஓடுமா பாய்?"

"எந்த மெஷினு?"

சொன்னேன். ஒரு ஆள் பிடிப்பது, வேகமாகச் சுற்றுவது. அந்த மெஷினை அவருக்கும் தெரியும். உள்ளே போய், அந்த அளவுச் செயினில் ஒரு துண்டு கொண்டுவந்து மேசைமேல் நீளமாகப் போட்டார். பக்கத்தில் இந்தச் செயினைப் போட்டார். முதல் ரிவெட்டை முதல் ரிவெட்டுக்கு நேராக வைத்தார். மூன்றாவது ரிவெட்டிலேயே அரை நூல் விலகியிருந்தது. பத்தாவதுக்குப் போவதற்குள் என் கிழட்டுக் கண்ணுக்கே தெரிந்தது. இரண்டு பேர் சேர்ந்து நடக்க ஆரம்பித்து, ஒருவன் கொஞ்சம் கொஞ்சமாக முந்திக்கொண்டு போகிற மாதிரி.

"மாட்டலாம். தளத்தி விட்டா ஓடவும் ஓடும். ஆனா சக்கரத்துப் பல்லுல இது சரியா ஒக்காராது. இது ரெண்டு ஆளு பிடிக்கிற மெதுவான மெஷினுக்கு உள்ளது. வேகத்துல போனா கடகடன்னு சத்தம் போடும். சூடேறுனதும் சக்கரத்து மேல ஏறித் தெறிச்சுரும்."

"சரியா ராவாததுனாலதான் தெறிக்குமோ?"

"ஆண்டவனே எறங்கி வந்து ராவுனாலும் தெறிக்கும்லா. எதுக்கு இப்படித் தோண்டித் தோண்டிக் கேக்குறீங்க? யாரு மேலயாச்சும் கேசு போடப் போறீங்களா?"

"இருந்த கேச எடுக்குறதுக்குத்தான் பாய்."

அவர் சிரித்தார். தேத்தண்ணி வந்தது. சீனி கொட்டிக் கிடந்தது, டாக்டர் பார்த்தால் திட்டுவார். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.

மச்சான் வீட்டில் பாதிச் சாமான் சாக்குக்குள் போயிருந்தது. ஓய்வு வாங்கின பிறகும் எஸ்டேட் தயவில் அந்த லயத்தில் இருந்தார்கள். இப்போது மகள் வீட்டோடு போகிறார்கள். மச்சான் சுருட்டி வைத்த மெத்தைமேல் உட்கார்ந்து, மூன்று விரலால் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார். தங்கச்சி அடுப்படி வாசலில் உட்கார்ந்து, கண்ணாடிக் கிளாஸ்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். டின்னை மச்சான் முன்னால் வைத்தேன்.

"மச்சான், இது என் செயின் இல்ல."

அவர் டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இல்லதான்."

"என்னா இல்லதான்?"

"உன் செயின் இல்லதான். அது உனக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"அன்னிக்குப் பெரணிக்குள்ள குனிஞ்சு பாத்தியே. உன் காலுக்குக் கிட்டத்தானே கெடந்துச்சு. பாத்துட்டேன்னு நெனச்சேன்."

"நான் விரலத் தேடுனேன் மச்சான்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். அடுப்படி வாசலில் பேப்பர் சத்தம் நின்றது.

அப்புறம் அவர் சொன்னார். நாற்பது வருஷமாக வைத்திருந்த விஷயம், சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அன்றைக்கு நான் ஸ்டோரில் நின்றபோது அவர் முதல் துண்டு போட்டிருக்கிறார். வேருக்கு அடியில் கல். என் செயினில் நாலு பல் மழுங்கிவிட்டது.

"நீ வந்தா என்னைக் கொன்னுருப்ப."

"கொன்னுருக்க மாட்டேன்."

"பேசாம இருந்திருப்ப. அது அதவிட மோசம்லா."

பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை உண்டு. வெள்ளைக்காரத் துரை காலத்துச் சாமான்கள் ஒரு மரப்பெட்டியில் கிடக்கும். அதில் எண்ணெய்க் காகிதம் பிரிக்காமல் ஒரு செயின் இருப்பது அவருக்குத் தெரியும். ஸ்டோர் சாமானில் பழையதை வைத்தால்தான் புதியதை எடுக்கலாம் என்பது எஸ்டேட் சட்டம். அதனால் என் செயினைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, எண்ணிக்கை குறையாமல் அந்தச் செயினை எடுத்து மாட்டியிருக்கிறார். நீளம் சரியாக இருந்தது. முறுக்கினால் இறுகிப் பிடித்தது, அதனால் கொஞ்சம் தளர்த்தி விட்டிருக்கிறார். பல் ஒரு மாதிரியாக இருந்தது அவருக்கும் தெரிந்ததாம். துரை காலத்துச் சாமான், நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைத்தாராம்.

"அன்னிக்குச் சாயங்காலமே உன் செயின எடுத்து, நீ பாக்காத நேரமா உன்கிட்டயே ராவ வச்சிரலாம்னு பாத்தேன்."

"நான் பாக்காம நான் எப்படி ராவுறது?"

"அது வரைக்கும் யோசிக்கல."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது, நான் பழியை ஏற்றுக்கொண்டதை அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஆபீஸ்ல கேக்காம எடுத்த செயினு. தெரிஞ்சிருந்தா வேலை போயிருக்கும், வீடு போயிருக்கும். நீ தெரிஞ்சுதான் எனக்காகப் பொய் சொன்னேன்னு நெனச்சேன். கவாத்துக்குப் போட்டப்பகூட நீ வாயத் தொறக்கல. எனக்கு உன் முகத்தப் பாக்கவே வெக்கமா இருக்கும். இந்தச் செயின அப்பறமாப் போயி பெரணிக்குள்ள இருந்து எடுத்துட்டு வந்து வச்சேன். என்னைக்காச்சும் நீயே கேப்பேன்னு."

"நான் பொய்யே சொல்லல மச்சான். நெசமுன்னுதான் சொன்னேன்."

"அப்ப இத்தன வருஷமா?"

"ஆமா. இத்தன வருஷமா."

எனக்குக் கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. தேடிப் பார்த்தும் இல்லை. வந்தது பசிதான். காலையில் ஒரு ரொட்டி தின்றதோடு சரி, அப்போது மணி மூன்றாகியிருந்தது. நெஞ்சிலிருந்து ஏதோ ஒன்றை யாரோ இறக்கி வைத்துவிட்டு, அந்த இடத்தில் சோறு கேட்கிற மாதிரி இருந்தது. ஒன்று மட்டும் கொஞ்சம் குத்தியது, இப்போதும் குத்துகிறது. அந்த மனுஷன் கல்லில் பட்டதை என்னிடம் சொல்லப் பயந்திருக்கிறார். மேட்டை இறக்கினது என் கை, ஆனால் அதனால் விரல் போகவில்லை. என் முகத்துக்குப் பயந்து போன விரல் என்று வேண்டுமானால் சொல்லலாம். அதை மச்சானிடமே சொன்னேன்.

"அடப் போ மச்சான்" என்றார். "நீ மொறச்சாலும் மொறைக்காட்டியும் மனுஷன் கல்லப் பாத்துத்தான் அறுக்கணும். நான் பாக்கல. ரெண்டு வெரலுக்கு எத்தன பேரு பங்கு கேப்பீங்க?"

தங்கச்சி அப்போதுதான் எழுந்து வந்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் பார்த்தாள்.

"நாப்பது வருஷம். ஞாயித்துக்கெழம தவறாம ஒரே மேசையில ஒக்காந்து தேத்தண்ணி குடிச்சீங்க. ரெண்டு பேரு வாயிலயும் என்னா, கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"உன்கிட்ட சொல்லிருந்தா லயம் பூரா தெரிஞ்சிருக்கும்" என்றார் மச்சான்.

"தெரிஞ்சா என்னா? என் அண்ணனாச்சும் நிம்மதியா சாப்பிட்டிருக்கும். நீங்க பேசாதீங்க. உங்கள அப்பறம் பாத்துக்குறேன்."

மச்சான் கோப்பையை எடுத்து, ஒன்றும் இல்லாத கோப்பையைக் குடித்தார்.

இரண்டு நாள் கழித்துத் தங்கச்சி மகளுக்கு நான் போனில் சொன்னேன். பழைய காலத்துச் செயின், இரண்டு ஆள் பிடிக்கிற மெஷினுக்கு உள்ளது, சாய்ந்த பெரிய மரத்தைக் குறுக்கே அறுக்க, பல்லில் மேடு கிடையாது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். விற்கலாமா என்றாள். விற்க வேண்டாம், பாய் கேட்டார், அவரிடம் கொடுத்துவிட்டேன் என்றேன். இப்போது அது பிரிஞ்சாங் கடையில், அந்தப் பெரிய வாளுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வருகிறவர்களிடம் பாய் அது என்ன, எதற்கு உள்ளது என்று விளக்குகிறார். மச்சானின் விரல் கதையை அவர் சேர்ப்பதில்லை, நான் அதை அவரிடம் சொல்லவில்லை.

அந்த வியாழக்கிழமைச் சாயங்காலம் மச்சான் வீட்டிலேயே சாப்பிட்டேன். சாடின் மீன் சம்பலும் பீன்ஸ் பொரியலும். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, தங்கச்சி மூட்டை கட்டின சாக்கு ஒன்றைத் திரும்ப அவிழ்த்தாள். உள்ளே கையை விட்டுத் துழாவி, பேப்பரில் சுற்றின கத்தியை எடுத்துப் பிரித்து என் முன்னால் வைத்தாள். பக்கத்து லயத்துக்காரர் பண்ணின பாழ் முழுவதும் அதன் விளிம்பில் இருந்தது.

"தக்காளி கூட வெட்ட மாட்டேங்குது" என்றாள். "புது வீட்டுக்கு இதோட போக முடியாது. அரம் கொண்டாந்திருக்கியா, இல்ல வீட்டுல போயி எடுத்துட்டு வரணுமா?"

"வீட்டுல இருக்கு."

"அப்ப கத்திய எடுத்துட்டுப் போ. நாளைக்குக் காலையில வேணும். ரொம்ப ராவிறாத."